பட்டறைப் பதில்கள்: காலித் தோட்டாவுக்கு எதற்குச் சூடு?

போன இதழில் துருப்பிடித்த இரும்பு கேட் பற்றிப் பதில் எழுதும்போது, பேச்சோடு பேச்சாக ஒரு வரி சேர்த்துவிட்டேன்: அமெரிக்காவில், ஐடஹோ மாநிலத்துப் பாய்சி நகரில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவரோடு சேர்ந்து காலித் தோட்டாக்களைச் சூடு பண்ணும் மெஷின் ஒன்று செய்தேன் என்று. கேட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வந்த கடிதம் எல்லாம் தோட்டாவைப் பற்றித்தான். சரி, இந்த மாதம் அதையே பார்த்துவிடுவோம்.

ஒருமுறை சுட்டால் தோட்டா காலி. பழைய பித்தளைக்காரனிடம் போடவேண்டியதற்கு எதற்குச் சூடு? அதற்கு ஒரு மெஷின் வேறு எதற்கு?
*வாசகர், ஓசூர்*

முதல் நாள் நானும் அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இதைத்தான் கேட்டேன். தோட்டாவில் நான்கு பாகம். பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் தீப்பிடிக்கும் சின்ன கேப், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டபின் கேப் செத்துவிடும், மருந்து புகையாகிவிடும், குண்டு போன இடம் தெரியாது. கூடு மட்டும் முழுசாகக் கையில் நிற்கும். அங்கே காகித இலக்கில் சுடுவது பலருக்கு வார இறுதிப் பொழுதுபோக்கு. கூட்டைத் தூக்கிப் போடாமல் வீட்டிலேயே மறுபடி கேப், மருந்து, குண்டு வைத்துக்கொள்வார்கள். அந்த ஊர்ச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. நம் பெரியவர் எழுபது தாண்டியவர், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். 600 கஜத்துக்கு அப்பால் ஒரு காகிதத்தை வைத்து அதில் ஓட்டை போடுவதற்காகச் சனிக்கிழமை தோறும் விடிவதற்குள் கிளம்பிவிடுவார்.

கூடு எத்தனை தடவை தாங்கும் என்பதுதான் விஷயம். வீடு கட்டும் இடத்தில் கம்பி கட்டுபவர்கள் கையில் கறுப்பாக ஒரு கட்டுக்கம்பி வைத்திருப்பார்களே, அதில் ஒரு முழம் வாங்கி ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள். முதலில் நூல் மாதிரி வளையும். நாலைந்து தடவைக்கு அப்புறம் அந்த இடம் விறைக்கும். இன்னும் கொஞ்சம் வளைத்தால் படக்கென்று ஒடியும். குளிர்ந்த உலோகத்தை வளைத்தாலோ தட்டினாலோ இழுத்தாலோ அது இறுகும், இறுகினால் விரிசல் விடும். கட்டுக்கம்பி முதலில் அவ்வளவு இளக்கமாக இருந்ததற்குக் காரணம், ஆலையிலேயே அதைச் சூடாக்கி ஆறவிட்டிருக்கிறார்கள். அதற்குப் பெயர்தான் அனீலிங்.

தோட்டாக் கூட்டின் கழுத்துக்கும் இதே கதைதான். சுடும்போது உள்ளே எழும் அழுத்தத்தில் கழுத்து விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் வாயு பின்பக்கமாக முகத்தில் அடிப்பதில்லை. அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கும். வீட்டுக்கு வந்தபின் டை என்ற அச்சில் வைத்து அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். அப்புறம் புதுக் குண்டை நுழைக்கும்போது மறுபடி ஒரு விரிவு. கட்டுக்கம்பியின் வளைவு ஒவ்வொன்றும் இதில் இருக்கிறது. சூடு காட்டாமல் விட்டால் சில தடவைகளில் கழுத்து நீளவாக்கில் பிளந்துவிடும். அவர் எடுத்துக் காட்டியது, முற்றிக் காய்ந்து வெடித்த வெண்டைக்காய் மாதிரி இருந்தது. பிளக்காவிட்டாலும், ஒரு கூடு குண்டை இறுக்கிப் பிடிக்கும், இன்னொன்று தளர்வாகப் பிடிக்கும். 600 கஜத்தில் அந்த வித்தியாசம் மேலும் கீழுமாகத் தெரியும்.

அம்பத்தூரில் நான் 31 வருடம் உலோகத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தும் பிரிவில் இருந்தவன். பல்பு ஹோல்டருக்கு வரும் பித்தளைத் தகடும் இதே ஜாதிதான்: நூற்றுக்கு 70 செம்பு, 30 துத்தநாகம். உலகம் முழுக்க அதற்குத் தோட்டாப் பித்தளை என்றே பெயர் உண்டு. அவ்வளவு வருடம் அதைத் தொட்டவன் ஒரு தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்த்தது அந்தப் பெரியவரின் கராஜில்தான்.

மெஷின் எப்படிச் செய்தீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். படம் போட்டால் நல்லது.
*வாசகர், திருப்பூர்*

படத்துக்கு ஆசிரியர் இடம் தரமாட்டார். சொல்லிலேயே வரைந்து காட்டுகிறேன்.

முதலில் பழைய முறை. தட்டில் தண்ணீர் ஊற்றி, கூடுகளை நிற்கவைத்து, கழுத்தில் கேஸ் டார்ச்சின் ஜுவாலையைக் காட்டி, பதம் வந்ததும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் தட்டிவிடுவது. அதற்கடுத்தது டிரில் மெஷின் முறை. போல்ட் கழற்றும் ஆழமான சாக்கெட்டை டிரில்லில் மாட்டி, அதற்குள் கூட்டைப் போட்டுச் சுழலவிட்டு, தீயில் ஆறு எண்ணும் வரை காட்டிவிட்டுக் கொட்டுவது. பெரியவர் இரண்டாவது முறையில் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். அவருடைய 'ஆறு' ஒரு தடவை ஐந்து நொடி. ஒரு தடவை, மனைவி சாப்பிடக் கூப்பிட்டபோது, ஒன்பது நொடி. சூடு பண்ண டார்ச் போதும். மெஷின் வேண்டியிருந்தது எண்ணுவதற்கு.

சாய்வான ஒரு தகரத் தொட்டி. கூடுகள் படுத்தவாக்கில் வரிசையாக இறங்கும். தொட்டியின் வாயில் ஒரு சக்கரம், அதன் விளிம்பில் எட்டுப் பள்ளம். சக்கரம் சுற்றும்போது பள்ளத்துக்கு ஒரு கூடு விழும். கீழே வளைவாக ஒரு தகடு. பள்ளத்தில் கிடக்கும் கூட்டின் உடம்பு அந்தத் தகட்டில் உரசி உருண்டுகொண்டே போகும். கழுத்து மட்டும் தகட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே டார்ச்சின் ஜுவாலை. உருண்டுகொண்டே இருப்பதால் கழுத்தைச் சுற்றிலும் சூடு ஒரே மாதிரி ஏறும். தகடு முடியும் இடத்தில் கூடு தானாகக் கீழே இரும்புச் சட்டியில் விழும். நம் ஊர் ராட்டினத்தைக் கற்பனை செய்துகொண்டால் போதும்.

முதல் சக்கரத்தைப் பிளைவுட்டில் வெட்டினோம். என் யோசனைதான். அரை மணி நேரத்தில் விளிம்பு கருகி, கராஜ் முழுக்க யாக சாலை வாசம். இரண்டாவது சக்கரம் அவர் மனைவியின் அலுமினிய கேக் தட்டு. கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன் என்றார். எனக்குச் சந்தேகம்தான்.

மோட்டாரில்தான் நாலு நாள் போனது. பழைய காரின் வைப்பர் மோட்டார் ஒன்று சும்மா கிடந்தது. அது நிமிடத்துக்கு நாற்பது, ஐம்பது சுற்று ஓடும் ஜாதி. வேகம் குறைக்கும் சர்க்யூட்டைப் போட்டு அடக்கிப் பார்த்தோம். அடக்க அடக்க அதற்கு இழுவை போய், நின்று நின்று குதித்தது. குதித்த இடத்தில் ஒரு கூடு கூடுதல் நேரம் தீயில் நின்றது. பிறகு 12 வோல்ட்டில் ஓடும் பல்சக்கர மோட்டார் ஒன்று வாங்கினோம், நிமிடத்துக்கு மூன்றே சுற்று. அதைக் கொஞ்சம் குறைத்து ஒன்றேகால் சுற்றுக்குக் கொண்டுவந்தோம். ஒரு சுற்றுக்கு 48 நொடி, எட்டுப் பள்ளம், ஆக ஆறு நொடிக்கு ஒரு கூடு. நூறு கூட்டுக்குப் பத்து நிமிடம். கேக் தட்டைக் கணக்கில் சேர்க்காமல் செலவு எண்பது டாலர் போல.

சூடு சரியா என்று எப்படித் தெரியும்? குறிப்பிட்ட சூட்டில் உருகும் வண்ணப் பூச்சு கடையில் கிடைக்கும். கழுத்தின் உள்பக்கம் 400 டிகிரி செல்சியஸில் உருகுவதைத் தடவினோம். தோளுக்கு, அதாவது கழுத்து அகன்று உடம்போடு சேரும் சரிவுக்கு, ஒரு விரற்கடை கீழே, உடம்பில், 230 டிகிரியில் உருகுவது. மேலே உருகவேண்டும், கீழே உருகக்கூடாது. இந்த இரண்டாவது கோட்டைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். கூட்டின் அடிப்பாகம் இறுகித்தான் இருக்கவேண்டும். அவர் சுடும் 308 வின்செஸ்டர் ரகத்தில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை போகலாம். உங்கள் கார் டயரில் 32. அடிப்பாகம் இளகிப்போன கூடு அந்த அழுத்தத்தில் கிழிந்தால், வாயு வரும் வழியில் சுடுபவரின் கண் இருக்கும். அதனால்தான் தோட்டாவை அடுப்பிலோ ஓவனிலோ போட்டு முழுசாக அனீல் செய்வது தற்கொலைக்குச் சமம். கழுத்தும் தோளும் மட்டும்தான்.

பூச்சு தீர்ந்துபோனால் இருட்டு உதவும். உலோகம் மங்கலாகச் சிவக்கத் தொடங்குவது 525 டிகிரி அளவில். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், கழுத்து இலேசாகச் சிவக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் அந்தக் கணத்தில் கூடு விழுந்துவிடவேண்டும். பகல் வெளிச்சத்திலேயே சிவப்பு தெரிந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். முதல் வாரம் எங்களுக்கு இருபது கூடு அப்படிப் போயிற்று. இடுக்கியால் வாயை நசுக்கினேன். நல்ல கூடு கொஞ்சம் எதிர்த்து, விட்டதும் சற்றே திரும்பி வரும். இவை ஈயக் குழாய் மாதிரி அப்படியே படுத்துவிட்டன. போனது போனதுதான். இருபதையும் சப்பையாக்கித்தான் குப்பையில் போட்டார், வேறு யாரும் எடுத்து மருந்து நிரப்பிவிடக்கூடாதே என்று.

இன்னொன்று. டிசம்பர் குளிரில் ஓடிக்கொண்டிருந்தபோது, ஐம்பதாவது கூட்டுக்கு மேல் பூச்சு உருகவில்லை. மோட்டாரைச் சந்தேகப்பட்டோம், டார்ச்சைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால் கேஸ் பாட்டில் பனிக்கட்டி மாதிரி சில்லிட்டிருந்தது. திரவம் வாயுவாக மாறும்போது தன் சூட்டையே தின்னும், பாட்டில் குளிரும், உள்ளே அழுத்தம் குறையும், ஜுவாலை சிறுத்துவிடும். பாட்டிலை மாற்றி மாற்றி ஓட்டுவது என்று முடிவு செய்தோம். கராஜ் கதவைக் காற்றோட்டத்துக்காகத் திறந்தால் ஜுவாலை ஆடும். மூடினால் மூச்சு முட்டும். பாதி திறந்து, பக்கத்தில் ஒரு தகரத் தட்டி வைத்தோம்.

முக்கியமானது: பழைய கேப்பைத் தட்டி எடுத்த கூடுதான் தொட்டிக்குள் போகலாம். ஒவ்வொன்றையும் தூக்கி வெளிச்சத்தில் ஓட்டை தெரிகிறதா என்று பார்த்துத்தான் போடுவார். மருந்தும் புதுக் கேப்பும் அந்த நேரத்தில் வீட்டின் மறுகோடியில் பூட்டி இருக்கும். எரிந்த கேப்பின் கரியில் ஈயம் உண்டு. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவித்தான் காப்பி.

எங்கள் அப்பா அரிவாள் அடிப்பவர். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் விட்டால் இரும்பு இறுகும். நீங்களோ இளக்குவதற்குச் சூடாக்கித் தண்ணீரில் தட்டுவார்கள் என்கிறீர்கள். எது சரி?
*வாசகர், திருப்பாச்சேத்தி*

திருப்பாச்சேத்தியிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்குச் சந்தோஷம். இரண்டும் சரி, தம்பி. அரிவாள் இரும்பில் கரிச்சத்து உண்டு. பழுத்த சூட்டில் அந்தக் கரி இரும்புக்குள் கரைந்து கிடக்கும். சட்டென்று குளிரவைத்தால் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், இரும்பு இறுகும். மெதுவாக ஆறவிட்டால் இளகும். அப்பா தண்ணீர் காட்டுகிற அந்த ஒரு நொடியில் நடப்பது இதுதான். தோட்டாப் பித்தளையில் அப்படி மாட்டிக்கொள்ள எதுவும் இல்லை. அதை இறுக்க அடிக்கவேண்டும், அல்லது இழுக்கவேண்டும். சூடு போதிய அளவு ஏறிய கணத்திலேயே இளக்கம் வந்தாயிற்று. அப்புறம் தண்ணீரில் போட்டாலும் ஒன்றுதான், திண்ணையில் போட்டாலும் ஒன்றுதான்.

பிறகு தட்டில் தண்ணீர் எதற்கு என்றால், கழுத்துச் சூடு அடிப்பாகம் வரை இறங்கிவிடாமல் தடுக்க. எங்கள் மெஷினில் தீ நேரம் ஆறு நொடிதான் என்பதால் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. நனைந்தால் காயவைக்கும் வேலை வேறு.

வீட்டு இண்டக்ஷன் அடுப்பில் பித்தளைப் பாத்திரம் வைத்தால் சூடே ஏறுவதில்லை. ஆனால் இண்டக்ஷன் சுருளில் தோட்டாவை அனீல் செய்யும் வீடியோ பார்த்தேன். எப்படி?
*பாலிடெக்னிக் மாணவர், சேலம்*

நல்ல கேள்வி. அடுப்புக்கு இரும்புப் பாத்திரம் பிடிக்கக் காரணம், காந்தத் தன்மையாலும் மின்தடையாலும் இரும்பில் மின்னோட்டம் மெல்லிய தோல் அளவு இடத்தில் நெருக்கியடித்து ஓடும், சூடு கொப்பளிக்கும். பித்தளைக்குக் காந்தமும் இல்லை, தடையும் குறைவு. அடுப்பு "பாத்திரமே இல்லை" என்று நினைத்து அணைந்துவிடும்.

தோட்டா விஷயத்தில் மூன்று மாற்றம். கூடு சுருளின் மேலே உட்காராமல் நடுவிலேயே நிற்கிறது. மின்னோட்டம் திசை மாறும் வேகம் அடுப்பைவிடச் சில மடங்கு, நொடிக்கு ஒரு லட்சம் தடவைக்குப் பக்கத்தில். கழுத்துச் சுவரோ அரை மில்லிமீட்டர்கூட இல்லை. வீட்டில் செய்பவர்கள் 48 வோல்ட் பவர் சப்ளை, ஒரு ரெடிமேட் இண்டக்ஷன் போர்டு, நொடிக் கணக்கு வைக்கும் டைமர், நேரம் முடிந்ததும் கூட்டைக் கீழே விடும் சோலனாய்டு என்ற மின்காந்தத் தாழ்ப்பாள் என்று பூட்டிவிடுகிறார்கள். கேஸ் பாட்டில் குளிரும் தொல்லை இல்லை, காற்று அடித்தாலும் கவலையில்லை. எங்கள் மெஷினைவிட அது நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரியவருக்கு ஜுவாலையைக் கண்ணால் பார்க்கவேண்டும்.

பாட்டியின் பித்தளைக் குடம், நல்ல கனமானது, வருடக்கணக்காக மாட்டுக்கொட்டகைப் பரணில் கிடந்தது. யாரும் கீழே போடவில்லை. எடுத்துப் பார்த்தால் கழுத்தோரம் தானாகவே பிளந்திருக்கிறது. கண்திருஷ்டி என்கிறார் மாமியார்.
*வாசகி, மன்னார்குடி*

மாமியாரைக் குறை சொல்லாதீர்கள் அம்மா. இதே வியாதி பிரிட்டிஷ் ராணுவத்தையே திணறடித்தது. அவர்கள் இந்தியாவில் இருந்த காலத்தில் மழைக்காலம் வந்தால் படை நகராது, தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கிவைப்பார்கள். மழை முடிந்து பெட்டியைத் திறந்தால், ஒரு தடவைகூடச் சுடாத தோட்டாக்களின் பித்தளை விரிசல் விட்டுக் கிடக்கும். பருவத்தோடு வந்ததால் ஆங்கிலத்தில் பருவ விரிசல் என்றே பெயர் வைத்தார்கள். காரணத்தை 1921-இல்தான் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் விளக்கிச் சொன்னார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, மழைக்கால ஈரம், தோட்டாவை இழுத்து உருவாக்கும்போது பித்தளைக்குள்ளேயே தங்கிவிட்ட இறுக்கம், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் விரிசல் வரும். ஒன்றைக் கழித்தாலும் வராது.

உங்கள் பரணில் குதிரைக்குப் பதில் மாடு, அவ்வளவுதான். குடத்தின் கழுத்து அதிகம் தட்டி மடித்த இடம், இறுக்கம் அங்கேதான் தங்கும். குடம் செய்தவர் கடைசியாக ஒருமுறை 250, 300 டிகிரிக்குச் சூடு காட்டி ஆறவிட்டிருந்தால் வலுவும் குறைந்திருக்காது, உள்ளிறுக்கமும் போயிருக்கும். செப்புக்குடத்துக்கு இந்தத் தொல்லை வருவது அபூர்வம். துத்தநாகம் கூடக் கூடத்தான் ஆபத்து. பிளவின் இரண்டு முனையிலும் ஊசித் துளை போட்டுவிட்டுப் பற்றவைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிளவு மேலே ஓடும். மாட்டுக்கொட்டகைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.

இங்கேயும் இந்த மெஷினைச் செய்யலாமா? நண்பர் ஒருவரிடம் காலித் தோட்டாக்கள் இருக்கின்றன.
*வாசகர், தேனி*

கூடாது. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்பதற்குள் அதன் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரங்களும் அடங்கும். உரிமம் இல்லாமல் கைவைத்தால் அந்த கேக் தட்டு நீதிமன்றத்தில் சான்றுப்பொருள் ஆகிவிடும். சூட்டு வேலை கற்கத்தான் ஆசை என்றால் ஒரு முழம் செம்புக் கம்பி போதும்.

தாத்தா ராணுவத்தில் இருந்தவர். அவர் பெட்டியில் ஒரு காலித் தோட்டா. கழுத்தில் மட்டும் நீலமும் கபிலமுமாகக் கறை. துடைத்தும் போகவில்லை. பழுதா?
*வாசகி, வேலூர்*

பழுதில்லை. தொழிற்சாலையில் கழுத்துக்குச் சூடு காட்டியபோது விழுந்த நிறம் அது. கழுத்து ஒடுங்கிய பித்தளைத் தோட்டாக்களுக்கு இது வழக்கம். கடையில் விற்பவற்றில் பல நிறுவனங்கள் மெருகேற்றி அழித்துவிடுவார்கள், ராணுவத் தோட்டாக்களில் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். அடியைத் திருப்பி, நடுவில் இருக்கும் வட்டத்தில் ஊசி குத்திய பள்ளம் இருக்கிறதா, வாயில் குண்டு இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் எது சந்தேகமானாலும் தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். காலிதான் என்றாலும் கைப்பையில் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய்விடாதீர்கள், விமானம் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். பிராசோ பாலிஷும் போடவேண்டாம்.